மோட் வைத்து வாசிப்பது எப்படி? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் உள்ள ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டாரும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற நாட்களில் கல்யாண வீடு, கோயில் திருவிழா, தேவாலயம் என்று யார் கூப்பிட்டாலும் போய் வாசிப்பேன். எங்கே போனாலும் யாராவது ஒருவர் மோட் பற்றிக் கேட்டுவிடுவார். வகுப்பில் கேட்பார்கள், மேடைக்குப் பின்னால் கேட்பார்கள், பதுளை பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்டவரும் உண்டு. வாய் வலித்துப்போனதால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஒரு சின்ன விளக்கம். ஸ என்பது பாட்டு வந்து ஓயும் ஆதார ஸ்வரம். கட்டை என்றால் கீபோர்டில் அழுத்தும் ஒரு கீ; அரைக் கட்டை என்று தூரம் சொன்னால் ஒரு கீயிலிருந்து பக்கத்துக் கீ வரை. கறுப்பையும் சேர்த்து எண்ணினால் ஸ-வுக்கு அடுத்த கட்டை ரி1, அதற்கும் அடுத்தது ரி2. க2 சின்னக் காந்தாரம், க3 பெரியது. ம1, ம2, த1, த2, நி2, நி3 எல்லாம் அதே கணக்குத்தான்: சின்ன எண் கீழே, பெரிய எண் மேலே.

சேர், ஸ்கேல் தெரியும். மோட் என்றால் என்ன?

சி-யிலிருந்து அடுத்த சி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். அது சி மேஜர். இப்போது அதே வெள்ளைக் கட்டைகளை டி-யிலிருந்து டி வரை வாசியுங்கள். ஒரு கட்டையும் மாறவில்லை, ஸ மட்டும் இடம் மாறிவிட்டது. இப்படி ஏழு இடத்தில் ஸ வைத்தால் ஏழு மோட். சி-யில் ஐயோனியன், டி-யில் டோரியன், ஈ-யில் ஃபிரிஜியன், எஃப்-இல் லிடியன், ஜி-யில் மிக்ஸோலிடியன், ஏ-யில் ஏயோலியன், பி-யில் லோக்ரியன்.

பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாம் பழைய கிரேக்கப் பக்கத்து இனங்கள், பிரதேசங்களின் பெயர்கள்.

எல்லாம் அதே வெள்ளைக் கட்டைதானே? டி டோரியனும் சி மேஜரும் ஒன்றுதானே? பிறகு எதுக்கு ரெண்டு பேர்?

இதுதான் ஆகக் கூடுதலாக வரும் கேள்வி. வாயால் சொன்னால் புரியாது, செய்து பார்க்க வேண்டும். கீபோர்டில் ஆர்கன் சத்தத்தை வையுங்கள். கீழே உள்ள டி-யை இடது கையால் அழுத்திப் பிடியுங்கள். (பிடிக்க ஆளில்லாவிட்டால் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை மடித்துக் கட்டை இடுக்கில் செருகிவிடலாம்.) வலது கையால் வெள்ளைக் கட்டைகளில் எதையாவது மெதுவாக வாசியுங்கள். ஐந்து நிமிஷம். சி-க்கு வந்தால் அது நிற்காது, பக்கத்து டி-க்குப் போகத் துடிக்கும். இப்போது வலது கை பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்க, கீழே டி-யை விட்டு சி-யைப் பிடியுங்கள். அதே விரல், அதே கட்டை. ஆனால் பாட்டின் முகமே மாறியிருக்கும்.

மோட் உங்கள் விரலில் இல்லை, கீழே பிடித்திருக்கும் அந்தச் சுருதியில் இருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லப் போகிறேன். சுருதிப் பெட்டியும் தம்புராவும் கேட்டு வளர்ந்த நமக்கு இது சுலபமாக வர வேண்டும். ஆனாலும் கிட்டாரைக் கையில் எடுத்ததும் எல்லாரும் சுருதியை மறந்துவிட்டு ஃப்ரெட் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்ப இது நம்ம ராகம்தானே அண்ணே? ஏன் இங்கிலீஷ் பேர்ல படிக்கணும்?

ஸ்வர வரிசை அளவில் பார்த்தால், ஆமாம். ஐயோனியன் 29-ஆவது மேளமான சங்கராபரணம் (மேளம், மேளகர்த்தா என்றால் மற்ற ராகங்கள் பிறக்கும் தாய் ராகம்). டோரியன் 22 கரகரப்பிரியா. ஃபிரிஜியன் 8 ஹனுமத்தோடி. லிடியன் 65 மேசகல்யாணி. மிக்ஸோலிடியன் 28 ஹரிகாம்போஜி. ஏயோலியன் 20 நடபைரவி. ஸ்வரங்களை மாற்றாமல் ஸ-வை மட்டும் நகர்த்தி வேறு ராகத்துக்குப் போவதற்குக் கர்நாடக சங்கீதத்தில் கிரக பேதம் என்று பெயர். சங்கராபரணத்தின் ரி-யை ஸ ஆக்கினால் கரகரப்பிரியா, க-வை ஆக்கினால் தோடி, ம-வை ஆக்கினால் கல்யாணி. முன் கேள்வியில் செய்த அதே வேலைதான்.

அதற்கும் முன்னால் போனால் பழந்தமிழிசையில் ஏழ்பெரும்பாலை என்ற ஏழு ஸ்வர வரிசைகள் இருக்கின்றன: செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. ஒரு பாலையின் நரம்புகளை, அதாவது ஸ்வரங்களை, ஒவ்வொன்றாகக் குரல் (ஆதார ஸ்வரம்) ஆக்கினால் அடுத்த பாலை பிறக்கும் என்பது சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. செம்பாலையை ஹரிகாம்போஜி என்று வைத்து எண்ணிப் பாருங்கள். அரும்பாலை சங்கராபரணமாக வரும், கோடிப்பாலை கரகரப்பிரியாவாக வரும், மேற்செம்பாலை கல்யாணியாக வரும். ஆக, இது நமக்குப் புதிய சரக்கு இல்லை.

ஆனால் ஸ்வர வரிசை ஒன்றாக இருப்பதால் ராகமும் மோட்டும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். அதைக் கோயில் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். இங்கிலீஷ் பெயர் எதற்கென்றால், பண்டாரவளையில் ஒரு சிங்கள பேஸ் கிட்டார்காரரோடு வாசிக்கும்போது "டி டோரியன்" என்றால் அவருக்கு உடனே புரியும். "கரகரப்பிரியா, ரெண்டு கட்டை" (ரெண்டு கட்டை என்றால் ஸ டி-யில்) என்றால் முழிப்பார். அவ்வளவுதான்.

லோக்ரியனுக்கு மட்டும் ராகம் சொல்லல்லையே?

மேளகர்த்தா எல்லாவற்றிலும் ப உண்டு. லோக்ரியனில் ப இல்லை, அந்த இடத்தில் ம2 தான் ஒலிக்கும். அதனால் அது மேளம் ஆகவில்லை. ஏழு பாலையில் செவ்வழிப்பாலை அந்த இடத்தில் நிற்கிறது. வாசிக்கும்போது லோக்ரியன் ஒரு கோர்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) மேல் ஒரு நொடி வந்து போகும், அதில் உட்கார்ந்து முழுப் பாட்டு வாசிக்க எனக்கு இதுவரை தேவை வரவில்லை. தள்ளி வையுங்கள்.

ஏழையும் பாடமாக்கணுமா? எதுல தொடங்குறது?

தனித்தனியாகப் பாடமாக்காதீர்கள். ஒரே ஸ-வில் நின்றுகொண்டு ஒவ்வொரு ஸ்வரமாக இறக்குங்கள். சி-யை ஸ ஆக வைத்துக் கல்யாணியில் தொடங்குங்கள், அது லிடியன். ம2-வை ம1 ஆக்கினால் சங்கராபரணம். நி3-ஐ நி2 ஆக்கினால் ஹரிகாம்போஜி. க3-ஐ க2 ஆக்கினால் கரகரப்பிரியா. த2-வை த1 ஆக்கினால் நடபைரவி. ரி2-வை ரி1 ஆக்கினால் தோடி. ப-வையும் ஓர் அரைக் கட்டை இறக்கினால் லோக்ரியன். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு கட்டைதான் மாறுகிறது. பளிச்சென்று தொடங்கி இருண்டுகொண்டே போகும். நுவரெலியாவில் பின்னேரம் மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை மறக்காது.

தொடங்குவதற்கு மிக்ஸோலிடியனும் டோரியனும் போதும். மேஜரும் (ஐயோனியன்) மைனரும் (ஏயோலியன்) ஏற்கெனவே உங்கள் காதில் இருக்கிறது. மேஜரில் நி-யை மட்டும் இறக்கினால் ஒன்று, மைனரில் த-வை மட்டும் ஏற்றினால் மற்றது. பாதி வேலை முடிந்தது.

ஒரு பாட்டைக் கேட்டு, இது என்ன மோட் என்று எப்படிச் சொல்றீங்க?

முதலில் ஸ எங்கே என்று பிடிக்க வேண்டும். பாட்டு தொடங்கும் ஸ்வரம்தான் ஸ என்று நினைத்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிறந்தநாளுக்குப் பாடும் "ஹாப்பி பர்த்டே" ப-வில் தொடங்குகிறது, ஸ-வில் முடிகிறது. முடிவைக் கேளுங்கள். பாட்டு ஓடும்போது கூடவே ஒரு ஸ்வரத்தை "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருங்கள். எந்த ஸ்வரம் கடைசிவரை இடிக்காமல் நிற்கிறதோ, எதில் வந்து பாட்டு ஓய்கிறதோ, அதுதான் ஸ.

அடுத்தது க. பெரிய காந்தாரமா, சின்னதா? பெரியது என்றால் ம-வைப் பாருங்கள். ம2 என்றால் லிடியன். ம1 என்றால் நி-யைப் பாருங்கள்: நி3 மேஜர், நி2 மிக்ஸோலிடியன். சின்னக் காந்தாரம் என்றால் ரி-யைப் பாருங்கள். ரி1 என்றால் ஃபிரிஜியன். ரி2 என்றால் த-வைப் பாருங்கள்: த2 டோரியன், த1 ஏயோலியன். மூன்று கேள்விக்குள் முடிந்துவிடும். சில பாட்டில் தேவையான ஸ்வரமே வராது. எங்கள் அம்மாயி பாடிய தாலாட்டு நாலே ஸ்வரத்துக்குள் ஓடும், அதற்கு மோட் பெயர் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம்.

கிட்டார்ல ஏழு பொசிஷனும் படிச்சிட்டேன். அதுதான் ஏழு மோட்னு வீடியோவில் சொன்னாங்களே?

அந்த வீடியோக்கள் எனக்குத் தந்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. பத்தாவது ஃப்ரெட்டில் தொடங்கும் "டோரியன் பொசிஷனை" சி மேஜர் கோர்டின் மேல் வாசித்தால் என்ன வரும்? சி மேஜர்தான் வரும். கை இருக்கும் இடத்தால் மோட் மாறாது. அந்த ஏழு பொசிஷனும் ஒரே ஸ்கேலை ஏழு இடத்தில் பிடிக்கும் வழிகள். படித்தது வீண் போகாது, ஆனால் அதற்கு மோட் என்று பெயரில்லை.

இப்படிப் பயிற்சி செய்யுங்கள். தடித்த ஈ கம்பியைச் சும்மா அதிரவிட்டு, மெல்லிய ஈ கம்பியில் மட்டும், ஒரே கம்பியில், வீணை மாதிரி வாசியுங்கள். மிக்ஸோலிடியனுக்கு ஃப்ரெட் 0, 2, 4, 5, 7, 9, 10, 12. டோரியனுக்கு 0, 2, 3, 5, 7, 9, 10, 12. ஃபிரிஜியனுக்கு 0, 1, 3, 5, 7, 8, 10, 12. சுருதி கீழே ஓடுகிறது, ஸ்வரங்களின் இடைவெளி கண்ணுக்கும் தெரிகிறது. ஒரு மாதம் பொசிஷனை மறந்துவிட்டு இதைச் செய்தவர்கள் திரும்பி வந்து என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

எந்த கோர்ட் போட்டா எந்த மோட் கேட்கும்?

இரண்டு கோர்ட் போதும். டோரியனுக்கு டி மைனர், ஜி. மிக்ஸோலிடியனுக்கு ஜி, எஃப். லிடியனுக்கு எஃப், ஜி, ஆனால் கீழே பேஸ் எஃப்-ஐ விட்டு நகரக் கூடாது. ஃபிரிஜியனுக்கு ஈ மைனர், எஃப். ஏயோலியனுக்கு ஏ மைனர், எஃப், ஜி. ஒவ்வொரு ஜோடியிலும் அந்த மோட்டின் அடையாள ஸ்வரம் இரண்டாவது கோர்டுக்குள் ஒளிந்திருக்கும். டி டோரியனின் த2, அதாவது பி, ஜி கோர்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கோர்ட் வந்ததும் டோரியன் என்று காது சொல்கிறது.

ஒரு பொறி இருக்கிறது. டி மைனர், ஜி என்று சுழன்றுகொண்டிருக்கும்போது கை தானாக சி கோர்டுக்குப் போய்விடும். போனால் கதை முடிந்தது, ஸ சி-க்கு ஓடிவிடும், நீங்கள் சி மேஜருக்குள் விழுந்துவிடுவீர்கள். எங்கள் வகுப்பில் சி கோர்ட் போட்டவர் எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கித் தர வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். இரண்டு வாரத்தில் எல்லாரும் திருந்திவிட்டார்கள்.

கோர்ட் மாறும்போதெல்லாம் மோட் மாத்தணுமா? மண்டை வெடிக்குது.

வேண்டாம். டி மைனர், ஜி, சி, ஏ மைனர் என்று ஓடும் பாட்டில் நாலும் சி மேஜருக்குள் உள்ள கோர்ட்கள். ஒவ்வொரு கோர்டுக்கும் ஒரு மோட் பெயரைத் தாளில் எழுதலாம், ஆனால் காதுக்கு ஸ ஒன்றுதான். சி மேஜரிலேயே இருந்துகொண்டு, கோர்ட் மாறும் இடத்தில் அந்தக் கோர்டின் ஸ்வரம் ஒன்றில் இறங்குங்கள். ஜி வந்தால் பி-யில், ஏ மைனர் வந்தால் ஏ-யில் அல்லது சி-யில். அது போதும்.

ஒரே கோர்டில் எட்டுப் பார், பதினாறு பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) என்று நீண்டு நிற்கும் இடத்தில்தான் மோட் உண்மையாக வேலை செய்யும். இதற்குப் பேர்போன உதாரணம் மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டு இசைத்தட்டில் உள்ள "ஸோ வாட்". 16 பார் டி டோரியன், 8 பார் ஈ ஃப்ளாட் டோரியன், திரும்ப 8 பார் டி டோரியன், அவ்வளவுதான் முழு அமைப்பும். கேட்டுப் பாருங்கள். அரைக் கட்டை ஏறும் அந்த இடத்தில், பஸ் வளைவில் திரும்பியதும் அடுத்த மலை தெரிவது மாதிரி இருக்கும்.

சரியான ஸ்வரம்தான் வாசிக்கிறேன். ஆனா ஸ்கேல் பயிற்சி மாதிரியே கேட்குது. பாட்டு மாதிரி வரமாட்டேங்குது.

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் நானும் ஐந்தாறு வருஷம் இதில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். ஸ்கேலை மேலும் கீழும் ஓடுவது மலைப் பாதையில் ஓடிப் பழகுவது மாதிரி, கால் பலப்படும். அதற்காக ஓடிக்கொண்டே யாருடனாவது பேச முடியுமா? முதலில் ஸ்வரத்தைக் குறையுங்கள். டோரியனில் ஸ, நி2, த2 மூன்றை மட்டும் வைத்து இரண்டு நிமிஷம் வாசியுங்கள். சலிக்கும். சலித்த பிறகுதான் தாளத்தை மாற்றத் தோன்றும், ஒரு ஸ்வரத்தை நீட்டத் தோன்றும், சும்மா இருக்கத் தோன்றும். அங்கேதான் பாட்டு தொடங்குகிறது.

இரண்டாவது, எங்கே நிற்பது என்பது. மோட்டின் அடையாள ஸ்வரத்தைத் தொடுங்கள், ஆனால் எப்போதும் அதில் நின்றுவிடாதீர்கள். மிக்ஸோலிடியனில் நி2 வழியாக ஸ-வுக்கு வாருங்கள், அடுத்த தடவை நி2-விலேயே வாக்கியத்தை முடித்துக் கேட்பவரைக் காக்கவையுங்கள். கீழே மேஜர் கோர்ட் ஒலிக்கும்போது ம1-இல் நீட்டி நின்றால் இடிக்கும், கோர்டில் உள்ள க3-க்கும் அதற்கும் அரைக் கட்டைதான் தூரம். அதைக் கடந்து போங்கள். லிடியனின் ம2 அப்படி இடிக்காது, அதில் தாராளமாக நிற்கலாம்.

மூன்றாவது, மூச்சு. நாதஸ்வரக்காரர் ஊதும்போது எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கவனியுங்கள். கிட்டார்காரனுக்கும் கீபோர்ட்காரனுக்கும் மூச்சு தேவையில்லாததால் நிறுத்தவே மாட்டோம். வாசிப்பதைக் கூடவே பாடுங்கள். பாட முடியாததை வாசிக்காதீர்கள், குறைந்தபட்சம் முதல் வருஷம். இன்னொன்று: தப்புப் பறை அடிப்பவர் ஒரே அடியை எத்தனை விதமாக மாற்றுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? அவரிடம் ஸ்வரமே கிடையாது. உங்களிடம் ஏழு இருக்கிறது.

எனக்கு பென்டடோனிக் மட்டும்தான் தெரியும். போதாதா?

நிறைய இடத்தில் போதும். இன்னும் சொன்னால், மோட்டுக்குள் நுழைய அதுதான் நல்ல வாசல். ஏ, சி, டி, ஈ, ஜி என்ற ஐந்தும் சுத்த தன்யாசி. அதோடு பி-யும் எஃப் ஷார்ப்பும் சேர்த்தால் ஏ டோரியன். பி-யும் எஃப்-உம் சேர்த்தால் ஏயோலியன். பி ஃப்ளாட்டும் எஃப்-உம் சேர்த்தால் ஃபிரிஜியன். ஐந்து ஸ்வரம் எலும்பு மாதிரி மாறாமல் நிற்கும், சேர்க்கும் இரண்டுதான் நிறம் மாற்றும்.

ஐந்துக்குள்ளேயும் கிரக பேதம் உண்டு. மோகனத்தின் ரி-யை ஸ ஆக்கினால் மத்தியமாவதி, க-வை ஆக்கினால் ஹிந்தோளம், ப-வை ஆக்கினால் சுத்த சாவேரி, த-வை ஆக்கினால் மேலே சொன்ன சுத்த தன்யாசி. கீபோர்டில் கறுப்புக் கட்டைகளை மட்டும் வைத்து ஐந்தையும் வாசிக்கலாம். பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், தவறே வராது.

பைலாவுக்கு மோட் வேணுமா?

வேண்டாம். நான் மேடையில் வாசித்த பைலாக்களில் பெரும்பாலானவை மேஜர், மூன்று கோர்ட். அங்கே தாளம்தான் ராஜா. கல்யாண வீட்டில் லிடியன் காட்டப் போனால் ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் எல்லாத்தையும் ட்ரான்ஸ்போஸ் போட்டு வெள்ளைக் கட்டையிலேயே வாசிக்கிறேன். தப்பா?

ட்ரான்ஸ்போஸ் என்றால் கீபோர்டின் எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் வசதி. தப்பில்லை, நாலு பேரில் மூன்று பேர் அப்படித்தான். ஆனால் கணக்குத் தெரிந்து செய்யுங்கள். பாடுபவர் சொல்லும் சுருதிக் கணக்கில் ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், இப்படிப் போகும். பாடுபவர் ஒன்றரைக் கட்டை என்கிறார், பாட்டு டோரியன் என்று வையுங்கள். வெள்ளைக் கட்டையில் டோரியனின் ஸ டி-யில் இருக்கிறது. டி-யை அழுத்தினால் சி ஷார்ப் ஒலிக்க வேண்டும், ஆகவே ட்ரான்ஸ்போஸ் மைனஸ் 1. நிறையப் பேர் பிளஸ் 1 போட்டு சி-யில் தொடங்கி, கறுப்புக் கட்டையைத் தேடித் தடுமாறுகிறார்கள்.

சிக்கல் எப்போது வருமென்றால், பாடுபவர் நடுவில் சுருதி மாற்றும்போது. அல்லது நாதஸ்வரத்தோடு சேரும்போது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது ட்ரான்ஸ்போஸைத் தொடாமல், ஒரே ஸ-வில் நின்று நான் முன்னால் சொன்ன இறக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். சி-யில் முடிந்தால் டி-யில், பிறகு ஈ-யில்.

சிங்கள பேண்ட் அண்ணா "பைரவி" என்றார். நான் பைரவிதான் வாசிச்சேன். ஏன் ஒத்துவரல்ல?

ஐயோ, இதில் நான் மேடையிலேயே அவமானப்பட்டிருக்கிறேன். பதுளைப் பக்கம் ஒரு பாடசாலை விழா. வயலின் வாசித்த சிங்கள நண்பர் "பைரவி" என்று காதோரம் சொன்னார். நான் நம்பிக்கையாக நம் பைரவியைப் பிடித்தேன். முதல் வரியிலேயே அவருடைய ரி-யும் என்னுடைய ரி-யும் முட்டிக்கொண்டன. அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சிங்கள இசைப் பாடத்தில் வடஇந்திய முறைதான் அடிப்படை. அங்கே பைரவி தாட் (தாட் என்றால் அவர்களுடைய மேளம் மாதிரி) என்றால் ரி1, க2, ம1, த1, நி2, அதாவது நம் தோடி மேளம், ஃபிரிஜியன். நம் பைரவி 20-ஆவது மேளத்தில் பிறந்தது, ரி2. அதைவிட வேடிக்கை, அவர்கள் தோடி என்றால் நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள். மற்றவை: பிலாவல் சங்கராபரணம், காஃபி கரகரப்பிரியா, கல்யாண் நம் கல்யாணி, கமாஜ் ஹரிகாம்போஜி, ஆசாவரி நடபைரவி. கலந்து வாசிக்கும் இடத்தில் ராகப் பெயரை நம்பாமல் ஸ்வரத்தைக் கேட்டுவிடுங்கள். "ரி கோமளமா?" (அதாவது ரி1-ஆ?) என்ற ஒரு கேள்வி மானத்தைக் காப்பாற்றும்.

கோயில்ல நாதஸ்வரத்தோட கீபோர்டு வாசிக்கச் சொல்றாங்க. அவர் தோடி ஊதினா நான் ஃபிரிஜியன் வாசிக்கலாமா?

கட்டைகள் ஒன்று, தோடி வராது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரம் அல்ல, அசைந்துகொண்டே இருக்கும். நீங்கள் கட்டையை அழுத்தி ஆடாமல் நிறுத்தினால் அவர் ஊதுவதற்குக் குறுக்கே ஒரு கம்பி நட்ட மாதிரி இருக்கும். ராகத்துக்கு ஏறும் வழி, இறங்கும் வழி, பிடி, கமகம் (ஸ்வரத்தை அசைக்கும் விதம்) எல்லாம் உண்டு. மோட் அவற்றில் ஒன்றையும் சொல்வதில்லை, ஸ்வரங்களை மட்டும் எடுத்து மேசையில் வைக்கிறது.

அதனால் அங்கே ஸ-வும் ப-வும் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள், அதுவே பெரிய உதவி. கோர்ட் போடாதீர்கள். கோர்ட் போட்டால் ராகத்தை ஒரு பக்கம் இழுத்துவிடும். மோகனம், மத்தியமாவதி மாதிரி நேரான ராகங்களில் அவர் விட்ட இடைவெளியில் சின்னப் பதில் வாசிக்கலாம், அதுவும் அவர் சிரித்தால் மட்டும்.

கீரவாணி, மாயாமாளவகௌளை எல்லாம் இந்த ஏழுக்குள்ள வரல்லையே?

வராது. இந்த ஏழும் ஒரு மேஜர் ஸ்கேலின் பிள்ளைகள். கீரவாணி (21) மேற்கில் ஹார்மோனிக் மைனர். அதற்கு வேறு பிள்ளைகள்: ம-வை ஸ ஆக்கினால் ஹேமவதி (58), ப-வை ஆக்கினால் வகுளாபரணம் (14). கௌரிமனோகரி (23) மெலோடிக் மைனர், ஏறும்போது மட்டுமல்லாமல் இறங்கும்போதும் அதே ஸ்வரங்களோடு.

நடைமுறையில் உங்களுக்குக் கீரவாணி தேவைப்படும் இடம் இது. ஏ மைனர் பாட்டில், தேவாலயப் பாட்டுகளில் அடிக்கடி, ஈ அல்லது ஈ செவன் கோர்ட் வரும். அதற்குள் ஜி ஷார்ப் இருக்கிறது. அந்தக் கோர்ட் ஒலிக்கும்வரை ஜி-யை விட்டு ஜி ஷார்ப் வாசியுங்கள், ஏ மைனர் வந்ததும் ஜி-க்குத் திரும்புங்கள். நடபைரவியிலிருந்து கீரவாணிக்கு ஒரு பார் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். கோர்ட் மாறினால் மோட் மாற்ற வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு. வெளியூர் ஸ்வரம் ஒன்றைக் கோர்டே கூட்டிக்கொண்டு வந்தால் அதை மதிக்க வேண்டும்.

தினமும் எவ்வளவு நேரம், என்ன செய்யணும்?

இருபது நிமிஷம். தம்புரா ஆப் ஏதாவது ஒன்றை ஃபோனில் போடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மோட், ஒரே ஸ. முதல் ஐந்து நிமிஷம் பாடுங்கள், பிறகு மூன்று ஸ்வரம், பிறகு ஏழு, கடைசியில் இரண்டு கோர்ட். கரண்ட் போனால் கிட்டாரின் ஏ கம்பியே சுருதி. தோட்டத்து லயன் வீட்டில் பக்கத்துக் காம்பராவில் சத்தம் என்று யாராவது கத்தினால் மெதுவாகப் பாடுங்கள், அதுவும் பயிற்சிதான்.

விடியக்காலைப் பூசைக்கு வாசிக்கப் போனா, சுருதி வைச்ச கிட்டார் நாதஸ்வரத்தோட சேரவே மாட்டேங்குது. மோட் பிழையா, காது பிழையா?

இரண்டும் இல்லை, குளிர். ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்தே கருகும் அளவுக்குத் துகள்பனி விழும். குளிரில் கம்பி சுருங்கும், இறுக்கம் கூடும், கிட்டாரின் சுருதி மேலே போகும். காற்று வாத்தியத்தில் நேர்மாறு. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் நாதஸ்வரம் கீழே இறங்கும், ஊத ஊதச் சூடேறி மேலே வரும். நீங்கள் மேலே, அவர் கீழே. வீட்டில் அடுப்புப் பக்கத்தில் வைத்த சுருதி அங்கே எப்படி நிற்கும்?

அரை மணி நேரம் முன்னால் போய்க் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மண்டபத்துக் குளிரிலேயே வையுங்கள். அவர் ஐந்து நிமிஷம் ஊதிச் சூடேற்றிய பிறகு, ட்யூனரைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அவருடைய ஸ-வுக்குக் காதால் கம்பியை இறக்குங்கள். முதல் பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை சரிபாருங்கள், அவர் கொஞ்சம் ஏறியிருப்பார். கீபோர்ட் என்றால் ட்யூனிங் என்று ஒரு இடம் மெனுவில் இருக்கும். அதில் இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் இறக்கினால் போதும், ட்ரான்ஸ்போஸைத் தொட வேண்டாம்.